சகலை சொன்ன ‘ம்’

காப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷினின் பிடி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் கையோடு வந்துவிட்டது. மணி பத்தேகால். பதினோரு மணிக்குச் சகலை வருகிறார்.

“என்ன சத்தம்?” என்றாள் மனைவி கூடத்திலிருந்து.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா ஏதோ உடைஞ்சிருக்கு.”

பதினெட்டு வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறவளிடம் பழுது சரக்கை மறைத்துத் தள்ளிவிட முடியாது. அவர் பிடியைத் தூக்கிக் காட்டினார்.

சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். காப்பிக்கொட்டை மொத்த வியாபாரி. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்து, கடைவாயில் வைத்துக் ‘கடக்’கென்று கடித்து, எந்த மலை, எந்தச் சரிவு, எத்தனை நாள் வெயில் என்று சொல்லிவிடுவார். கடித்தபின் அவர் உதட்டைப் பிதுக்கினால், மூட்டைக்காரர் விலையை இறக்கிவிட்டுத்தான் அடுத்த மூச்சை விடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தனியாக வந்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் தன் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தார். சகலை ஒரு வாய் குடித்தார். கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டார்.

“ம்” என்றார்.

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மிச்சத்தை வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

அந்த ‘ம்’ கண்ணாடிக்கடைக்காரரின் நெஞ்சில் செருப்புக்குள் புகுந்த கல்லைப் போலக் கிடந்தது. அவர் படித்தார், விசாரித்தார், வாங்கினார். அன்னத்தின் கழுத்தைப் போல மூக்கு வளைந்த கெண்டி வந்தது. கிராம் தராசு வந்தது. தண்ணீருக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவி வந்தது. ரசாயன உரம் படாத, ஒரே தோட்டத்துக் கொட்டைகள் பாக்கெட் பாக்கெட்டாக வந்து இறங்கின. பருப்பு டப்பாக்கள் அலமாரியிலிருந்து தரைக்குக் குடிபெயர்ந்தன.

கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் அவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, முன்னாடி பாத்தது தெளிவா?” என்று கேட்பது வழக்கம். அதே பரிசோதனை இப்போது தினம் காலையில் மனைவிக்கு நடந்தது.

“இது நல்லாருக்கா, முன்னாடி குடிச்சதா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“கண்ணை மூடிக்கிட்டு சொல்லு. ஆரஞ்சுத் தோல் வருதா? மழை பெஞ்ச மண்ணு?”

“எனக்கு வேலைக்கு நேரமாச்சுன்னு வருது.”

நேற்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். “நாளைக்கும் அத்தான் ‘ம்’முன்னா, இந்தக் கடை மொத்தமும் என் அலமாரியை விட்டு இறங்கணும். சம்மதமா?”

“சம்மதம். ஆனா ‘நல்லாருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா, மேல்தட்டும் எனக்கு.”

இந்த ஒரு வார்த்தைக்காகவே ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் பாதுகாத்து வைத்திருந்தார். அதைப் பிரித்த நேரத்தில்தான் பிடி உடைந்திருக்கிறது.

“சாதா பவுடர் இருக்கு. ரெண்டு நிமிஷத்துல பால் ஊத்திக் கலந்து தரட்டுமா?”

“பாலா!” என்று அவர் அலறிய அலறலில் ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது.

மிக்ஸியை எடுத்தார். ஜாடியைத் திறந்து முகர்ந்தார். நாலு தும்மல்.

“அது மிளகாய் அரைச்ச ஜாடி” என்றாள் மனைவி.

“ஒரு பிடி அரிசியை ஓட்டினா வாடை போயிடும்.”

போயிற்று. ஆனால் அரிசி மாவு ஜாடியின் அடியில் அப்பிக்கொண்டது. நேரமில்லை. கொட்டையைப் போட்டு ஓட்டினார். திறந்து பார்த்தால் கரிய தூளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

சல்லடையில் போட்டுச் சலித்தார். மாவு காப்பியை விட்டுப் பிரிய மறுத்தது. பாதித் தூள் தரைக்குப் போனது. மிஞ்சியது முகத்துக்குப் பூசுகிற பவுடரைப் போல இருந்தது.

அதை வடிதாளில் போட்டு, கெண்டியைச் சாய்த்து, மெதுவாக வட்டம் போட்டு நீர் ஊற்றினார். நீர் மேலேயே நின்றது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டதுபோலக் குளம் கட்டி நின்றது.

“ஊதிப் பாருங்க” என்றாள் மனைவி.

ஊதவில்லை. குச்சியால் லேசாகக் குத்தினார். தாள் கிழிந்து, சேறு மொத்தமும் பாத்திரத்தில் இறங்கியது.

“வடிகட்டணும். நல்ல துணி ஏதாவது கொடு.”

“என் துணியில கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி.”

சட்டென்று அவருக்கு யோசனை வந்தது. கடைக்குக் கொண்டுபோகும் பைக்குள்ளிருந்து புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பிரித்தார். கடையில் ஒவ்வொரு கண்ணாடியோடும் இனாமாகத் தருகிற துடைப்புத் துணி. நீல நிறம், கடைப் பெயர் அச்சடித்தது.

“ஒரு தூசியை விடாது இது” என்றார் பெருமையாக.

விடவில்லைதான். வடிகட்டி முடித்துத் துணியை விரித்தபோது, கடைப் பெயரில் பாதியைக் காணோம்.

இருவரும் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்கள். ஓரத்தில் நீலமாக ஏதோ மினுங்கியது.

“கீழ இறங்கியிருக்காது” என்றார் அவர்.

“வேற எங்க போயிருக்கும், கடைக்கா?”

அதற்குள் அது ஆறியும் போயிருந்தது. காப்பியைக் கொதிக்கவைப்பது கொலைக்குச் சமம் என்று இரண்டு வருஷமாகப் பிரசங்கம் செய்தவர், அடுப்பைப் பற்றவைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொதிக்கவைத்தார். வாசல் மணி அடித்தது.

சகலை கன்னத்தில் கைக்குட்டையோடு வந்தார். பின்னால் மனைவியின் அக்கா.

“வாங்க அண்ணே, வாங்க அண்ணி! போன வேலை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது தம்பி” என்ற அக்கா, “காப்பி இப்ப இவருக்கு வேண்டாம்னு…” என்று ஆரம்பித்தாள். சகலை கண்ணை உருட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கண்டதையும் குடிக்க மாட்டார் என்கிறாள்போல, என்று கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இருந்தாலும் இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினார்.

“ஒரே தோட்டம் அண்ணே. ஆர்கானிக். ஆரஞ்சுத் தோல் வாசனை வரும். அப்பறம்… புதுசா ஒண்ணு ரெண்டு வாசனையும் வரலாம்.”

சகலை கோப்பையைப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை ஒரே மூச்சில் குடித்தார். உதட்டோரம் ஒரு கோடு வழிந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. கண்ணோரம் நீர் துளிர்த்தது.

வீடே காத்திருந்தது.

“ம்” என்றார் சகலை.

கண்ணாடிக்கடைக்காரர் நேராகச் சமையலறைக்குப் போனார். கெண்டியை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தார். காய்ச்சல் கருவியை வைத்தார். பின்னாலேயே வந்த மனைவி, அவர் தராசைத் தூக்கியதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தராசு இருக்கட்டும். கெண்டியும் கிடக்கட்டும். பாக்க அழகாத்தானே இருக்கு.”

“வேண்டாம்மா. ரெண்டு வருஷம். அதே ‘ம்’.”

மனைவியின் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“தம்பி, ஐஸ்கட்டி இருக்கா?”

“இருக்கு அண்ணி. எதுக்கு?”

அவள் கூடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“வெளிய சொல்லிடாதீங்க, வியாபாரத்துல மதிப்பு போயிடும். கொட்டையைக் கடிச்சுக் கடிச்சு பல்லெல்லாம் ஆட்டம் கண்டுபோச்சு. சூடா எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும், நீங்க ஆசையா நீட்டினதும் மறுக்க மனசு வரல மனுஷனுக்கு. இந்த ஊருக்கு அவர் வர்றதே பல் பிடுங்கிக்கத்தான் தம்பி: போன தடவை மேல ரெண்டு, இன்னிக்குக் கீழ ரெண்டு. ரெண்டு தடவையும் டாக்டர் போட்ட ஊசியில வாய் மரத்துப்போய், நீங்க குடுத்தது காப்பியா வெந்நீரான்னுகூட அவருக்குத் தெரியாது.”