குரங்குப் பலகையும் நாய்க்கூண்டும்

"இனிமே நான் மேல ஏறமாட்டேன்" என்றார் உச்சிக்காரர்.

எண்ணெய்க் கிணறு துளைக்கும் கோபுரத்தின் உச்சியில் நின்று குழாய்களைப் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் எழுத்தர் தயாரித்த கையேடு.

"நான் நிக்கிற இடத்துக்கு என்ன பேர் போட்டிருக்கீங்க? நீங்களே படிங்க."

எழுத்தர் குனிந்து படித்தார். "குரங்குப் பலகை."

"இதை என் மாமியார் படிச்சா அவங்க முகத்துல நான் முழிக்க முடியுமா?"

"இங்கிலீஷ்லயும் அதாங்க. மங்கி போர்டு."

"இங்கிலீஷ்ல என்னவேணா இருக்கட்டும். அது யாருக்குப் புரியுது?"

துளைக்கும் வேலையைத் துணை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த சின்ன நிறுவனம் அது. வியாழக்கிழமை மேல் நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு கருவியின் பெயரும் தொழிலாளர்களுக்குத் தாய்மொழியில் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். விடுப்புக் கடிதம் அழகாக எழுதுகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக மேலாளர் இதை எழுத்தர் தலையில் கட்டிவிட்டார். நாற்பது குடும்பங்களின் பிழைப்பு அவர் பேனாவில் தொங்கியது.

அன்றே குரங்கை விரட்டிவிட்டு 'தலைமை மேடை' என்று மாற்றினார். உச்சிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார்.

மறுநாள், துளைக்கும் எந்திரத்தை இயக்குகிற டிரில்லர் வந்து நின்றார். கிணற்றுமேட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அவன் நிக்கிறது தலைமை மேடை. நான் உட்கார்ற ரூம் நாய்க்கூண்டா?"

அதுவும் ஆங்கிலப் புத்தகத்தில் 'டாக் ஹவுஸ்' என்று இருந்த பெயர்தான். சொன்னால் எடுபடாது என்று தெரிந்து எழுத்தர் 'முதன்மை அறை' ஆக்கினார். தலைமை பெரிதா, முதன்மை பெரிதா என்று பிற்பகலுக்குள் இரண்டு கட்சியாகிவிட்டது.

அதற்குள் துளைக்குள் செலுத்தும் குழம்பைக் கலக்கும் பொறியாளர் அம்மா வந்தார்.

"சேற்றுப் பொறியாளர்னு போட்டிருக்கீங்க. என் பையன் ஸ்கூல்ல 'அம்மா சேறு கலக்குறாங்க'ன்னு எழுதிட்டான். டீச்சர் எனக்குப் போன் பண்ணி ஆறுதல் சொல்றாங்க."

அன்றிரவு எழுத்தர் வீட்டில் சொல்லிப் புலம்பினார். மனைவிதான் வழி சொன்னாள்.

"பேர் வெச்சாத்தானே வம்பு? எல்லாத்துக்கும் நம்பர் போட்டுடுங்க."

போட்டார். புதன்கிழமை முழுவதும் ஒன்றாம் நம்பர் யாருக்கு என்பதில் போனது. டிரில்லரும் உச்சிக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

வியாழன் வந்தது. ஆய்வாளர் டிரில்லரின் அறையைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்றார்.

"முதன்மை அறை" என்றார் டிரில்லர்.

"நாய்க்கூண்டு" என்றார் உச்சிக்காரர், வேண்டுமென்றே.

"ரெண்டுங்க" என்றார் ஒரு தொழிலாளி.

"ரெண்டு என்னோடது. அது ஏழு" என்றார் பொறியாளர் அம்மா.

ஆய்வாளர் கோப்பை மூடினார். "திங்கட்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க."

எழுத்தர் ராஜினாமாக் கடிதத்தை நின்றபடியே எழுதிக் கொடுத்தார். அதில் மட்டும் யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. தண்ணீர் லாரியில் இடம் கேட்டு ஏறி, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நாற்பது பேர் வயித்துல அடிச்சிட்டேன். பேரை ஒழுங்கா வெச்சிருந்தா அங்க ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்கும்."

லாரி டிரைவர் கியரை மாற்றியபடி நிதானமாகச் சொன்னார்:

"அந்த இஞ்சின் சத்தத்துல யாரு சார் பேசினாங்க? பன்னெண்டு வருஷமா எல்லாம் கை ஜாடைதான், ஒரு தப்பு நடந்ததில்ல. உங்க புக்கைப் படிக்கத்தான் முதல் தடவையா இஞ்சினை நிறுத்தினாங்க."