மூட்டையில் கோழி என்றுதான் போட்டிருந்தது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் தன் கைப்பட எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். ஆடு நலமில்லாமல் கிடந்தது, காரணம் நீங்கள். அங்கே உங்கள் நலத்தை முறைக்காகக் கேட்டுக்கொள்கிறேன். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அதே கட்டைவிரல்தான் இப்போது பேனா பிடிக்கிறது. என் முதல் கடிதமே சண்டைக் கடிதமாகப் போனது உங்கள் தயவு.

போன வாரம் உங்கள் தீவனக் கடையிலிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கி, நம் சினை ஆடு சீமாட்டிக்குப் போடச் சொன்னீர்கள். நான் மூட்டைமேல் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ‘முட்டைக் கோழித் தீவனம்’ என்று படித்தேன். முதியோர் வகுப்புக்கு வெளியே நான் படித்த முதல் வரி அது. “கோழின்னு போட்டிருக்கே மாப்பிள்ளை” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். “மாமா, நீங்களே இப்பத்தான் எழுத்துக் கூட்டுறீங்க. ஆடு என்ன மூட்டையைப் படிச்சிட்டா திங்கப் போகுது? தீனின்னா எல்லாம் தீனிதான்.” என் மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மாப்பிள்ளை பேச்சைத் தட்டாதே என்று உங்கள் அத்தை கண்ணாலேயே மிரட்டியதால் அள்ளி அள்ளிப் போட்டோம், சீமாட்டியும் விருந்துக்கு வந்தவள் மாதிரி தின்றாள், விடிந்து பார்த்தால் வயிறு ஒரு பக்கம் உப்பி, அசை போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறாள். “வயித்துல குட்டியோட போயிடுவா போலிருக்கே” என்று உங்கள் அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் செருப்பும் போடாமல் ஓடி மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தேன்.

அவர் வயிற்றைத் தட்டினார், பிறகு மூட்டையைப் பார்த்தார். “யாரு பெரியவரே இதைப் போடச் சொன்னது?”

“எங்க மாப்பிள்ளைதான். தீவனக் கடையே வச்சிருக்கார்” என்றாள் உங்கள் அத்தை, அப்போதும் பெருமையாக.

“இது முழுக்கத் தானியம்மா. ஆட்டு வயித்துல இவ்வளவு போனா புளிச்சுப் போயிடும். முட்டை ஓடு கெட்டியா வரணும்னு சுண்ணாம்பு வேற கலந்திருக்கான். உங்க ஆடு என்ன முட்டையா போடப் போகுது?”

அவர் மருந்து புகட்டி, நடக்கவைத்து, வெறும் காய்ந்த புல்லைக் காட்டச் சொல்லி, ஒருவழியாக இன்று அசை போடுகிறாள். குட்டிக்கும் ஆபத்தில்லை. ஆனால் எனக்கு ஆறவில்லை. டாக்டரும் அந்த மூட்டையில் கோழி என்றுதான் படித்தார். அவர் வேகமாகப் படித்தார், நான் மெதுவாகப் படித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகையால் நீங்களே நேரில் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போகுமுன் என் மகள் காதில் விழும்படி, “மாமா சரியாத்தான் படிச்சார்” என்று சொல்ல வேண்டும். அதுவரை உங்கள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்.

நீங்களும் மகளும் நோய்நொடியின்றி, அவரவர் தீனியை அவரவர் தின்று நெடுநாள் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
எழுதப் படிக்கத் தெரிந்த மாமனார்.

பின்குறிப்பு: மூட்டையைத் தூக்க வரவேண்டாம். நல்ல தீனி வீணாகிறதே என்று உங்கள் அத்தை அதற்குப் பொருத்தமாக ஆறு கோழி வாங்கிவிட்டாள். நன்றாகத் தின்கின்றன. மேலே எழுதியதை மறந்துவிடவும். ஆனால் முழுதும் படித்துவிட்டு மறக்கவும்; எழுத்து வரவர அழகாக வந்திருப்பதால் கிழிக்க மனமில்லை. அடுத்த மூட்டை சீக்கிரம் தேவைப்படும். மூட்டைமேல் நிறைய எழுதியிருப்பதாகப் பார்த்து அனுப்பவும், எனக்குப் படிக்க ஆகும்.