பனிமூட்டத்தில் பதினோராம் நம்பர்

நடுவட்டத்தில் நின்றுகொண்டு இடது பக்கம் பார்த்தார் நடுவர் ப்ரூடன்ஸ் ஆக்டன். கோல் கம்பத்தைக் காணவில்லை. வலது பக்கம் திரும்பினார். அங்கேயும் இல்லை.

"நெவில், இங்க நின்னா ரெண்டு கோலும் எனக்குத் தெரியணும். அதுதான் விதி," என்றார். "எனக்கு உங்க மூக்கே சரியாத் தெரியல."

"காலையில இருந்ததுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல மேடம். அப்ப மூக்கு இருக்கான்னு நானே தொட்டுத்தான் பார்த்தேன்."

ப்ரூடன்ஸ் சிரிக்கவில்லை. வார நாட்களில் அவர் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளிலும் அந்த முகத்தைக் கழற்றி வைப்பதில்லை.

நெவில் என்ட்விசில் ரேவன்கிளஃப் ரோவர்ஸின் மேனேஜர். புல் வெட்டுவதும், கோடு போடுவதும், அடைத்துக்கொண்ட கக்கூஸைக் குத்துவதும் அவர்தான். இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தால், மூச்சு வாங்கி எங்காவது உட்காரலாம் என்று தோன்றும் இடத்தில் அந்தக் கிளப் இருந்தது. மைதானத்தில் விளக்குகள் கிடையாது. அதனால் குளிர்காலத்தில் உச்சிவேளையிலேயே ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

வேறு எந்தச் சனிக்கிழமையாக இருந்தாலும், ஆட்டம் ரத்து என்றால் நெவில் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். இன்று முடியாது. நகரத்துப் பெரிய கிளப்புக்காக ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலையும் பென்ஹாலிகன் இன்று வருகிறார். இடது ஓரத்தில் ஆடும் கோரி ஹாஸ்லமைப் பார்க்கத்தான் வருகிறார். கோரிக்குப் பதினெட்டு வயது. டயர் கடையில் வேலை. உடம்பு போதாது என்று சிறு வயதிலேயே இரண்டு கிளப்புகள் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தன. இந்த மலையடிவாரத்துக்கு இனி ஒருவர் தேடிக்கொண்டு வருவார் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

"கொஞ்சம் பொறுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு நெவில் பனிக்குள் மறைந்தார். சாலைப் பணியாளர்கள் போடுகிற பளீர் ஆரஞ்சுக் கோட்டுகள் கிளப்பின் கொட்டகையில் சில கிடந்தன. அவற்றை ஒவ்வொரு கம்பத்திலும் ஒன்றாக மாட்டினார். ஒன்று மிஞ்சியது. அதை வெளியே வாசல் கம்பத்தில் மாட்டினார்.

ப்ரூடன்ஸ் மறுபடியும் பார்த்தார். "கம்பம் தெரியல. கோட்டு தெரியுது."

"கோட்டு கம்பத்துலதானே மேடம் மாட்டியிருக்கு."

அவர் அதைக் கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதுபோல யோசித்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி. ஆடலாம்."

ரோவர்ஸின் சட்டையும் ஆரஞ்சு நிறம்தான் என்பது அப்போது நெவிலுக்கு நினைவுக்கு வரவில்லை.

எதிரணி வந்து இறங்கியிருந்தது. ஓல்ட்ஷா என்ற அணி, இந்த வருடம்தான் கீழ் லீகிலிருந்து ஏறி வந்தவர்கள். இங்கே யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. மஞ்சள் சட்டை. அவர்களுடைய மேனேஜர் ஒட்டகம்போல உயரமான, சோகமான மனிதர்.

"வழி ரொம்பக் கஷ்டமோ?" என்றார் நெவில்.

"ஒரு போர்டும் தெரியல கெவின். ஏதோ ஆரஞ்சாத் தெரிஞ்சுது, பஸ்ஸை நிறுத்திட்டோம்."

"நெவில்."

"ஆறு ஒண்ணு பக்கத்துலயே ஓடும்னாங்க."

"ஆறெல்லாம் இங்க இல்லையே."

"பனியில தெரியலபோல," என்று அவர் வருத்தத்தோடு தலையாட்டிக்கொண்டு போனார்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. கோரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

"நெவில், மலைமேல வேன் நின்னுபோச்சு. எங்க இருக்கேன்னே தெரியல. பக்கத்துல ஒரு ஆடு நிக்குது."

"எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?"

"ஆடா?"

"வேன்டா."

அதற்குள் இணைப்பு போய்விட்டது. நெவில் உடை மாற்றும் அறைக்கு ஓடினார். அங்கே அழுக்குச் சட்டைகளைத் துவைக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தான் வில்ஃப். அவனுக்குச் சாக்கடை அடைப்பு எடுக்கும் தொழில், ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது, அதைத் தாண்டிவிட்ட வயிறு.

"வில்ஃப், பதினோராம் நம்பர் சட்டையைப் போடு. கோரி வர்ற வரைக்கும்தான்."

"நெவில், நான் கடைசியா ஓடினது ஒரு நாய் துரத்தினப்ப. அதுவும் நாய்தான் ஜெயிச்சுது."

"நீ ஓட வேண்டாம். சட்டை ஓரத்துல தெரிஞ்சா போதும்."

சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. விசில் ஒலித்தது. இருபத்திரண்டு பேரும் வெண்மைக்குள் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் வேலி ஓரமாக ஒருவர் வந்து நின்றார். மெல்லிய குரல், கம்பளிக் கழுத்துத்துணி, கையில் தேநீர் பிளாஸ்க்.

"பென்ஹாலிகன்," என்றார். "ஆட்டம் ஆரம்பிச்சிட்டாங்களா?"

"ஆரம்பிச்சாச்சு சார்."

"ஒண்ணும் தெரியலையே."

"கண்ணு பழகிடும் சார்."

பழகவில்லை. பனி மைதானத்தின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பந்தை உதைக்கும் சத்தம் வந்தது, பஞ்சு மூட்டைமேல் யாரோ குத்துவதுபோல. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சில நேரம் ஒரு கால் மட்டும் தெரிந்து மறைந்தது. நடுவரின் விசில், வழி தவறிய பறவைபோல எங்கெங்கோ கேட்டது. "கம்பத்துக்கு எவன்டா பாஸ் கொடுத்தது?" என்று ஒரு குரல். "நம்ம சட்டைன்னு நெனச்சேன்," என்று இன்னொரு குரல்.

"அந்தப் பையன் எந்த நம்பர்?"

"பதினொண்ணு சார்."

சொல்லி வாய் மூடுவதற்குள் பனி கொஞ்சம் விலகி, பதினோராம் நம்பர் அவர்களைக் கடந்து நடந்துபோனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமியது. மறைந்தது.

பென்ஹாலிகன் வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்தார். "பதினெட்டு வயசுன்னாங்க."

"பனி ஆளைப் பெருசாக் காட்டும் சார்."

"வழுக்கைகூட இருக்காப்ல தெரிஞ்சுதே."

"இப்பப் பசங்க இப்படித்தான் மொட்டை அடிச்சுக்கறாங்க."

இனி இவர் கண்ணால் பார்க்கவே கூடாது என்று நெவிலுக்குத் தோன்றியது. "நான் சொல்றேன் சார். எனக்குச் சத்தத்தை வச்சே தெரியும்," என்றார். "இப்ப பந்து அவன்கிட்ட. இடது ஓரம். முதல் ஆளைத் தாண்டிட்டான்."

உண்மையில் வில்ஃப் அப்போது மறுகோடியில் கார்னர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

முதலில் ஒரு ஓட்டம் போதும் என்றுதான் நெவில் நினைத்தார். ஆனால் பென்ஹாலிகன், "அப்புறம்?" என்றார். கதை கேட்கிறவர் கேட்கும் 'அப்புறம்'. அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. நெவில் இன்னொரு ஓட்டம் சொன்னார். பிறகு ஒன்று. பந்து கோரியின் காலில் ஒட்டிக்கொண்டு போனது. கோரி தோளை ஒரு பக்கம் சாய்த்தான், எதிரே நின்றவர்கள் மறுபக்கம் போய் விழுந்தார்கள். ஓடும்போது அவன் புல்லை மிதிக்கவே இல்லை. நெவில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூடினாலும் திறந்தாலும் ஒரே வெள்ளைதான். அந்த வெள்ளையில் கோரி ஆடுவது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. இத்தனை வருடம் சேற்றிலும் மழையிலும் நின்று, இப்படி ஒருவன் நம் மைதானத்தில் ஆட மாட்டானா என்று அவர் நினைத்த ஆட்டமெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. பென்ஹாலிகனின் தேநீர் பிளாஸ்க்கின் மூடியிலேயே ஆறிப்போனது.

இடைவேளையில் வில்ஃப் தரையில் படுத்துவிட்டான். "என் நுரையீரல் அந்தக் கொடிப் பக்கத்துல எங்கயோ விழுந்து கிடக்கு. யாராவது எடுத்துட்டு வாங்க," என்றான்.

"கோரி இன்னும் வரல வில்ஃப். இன்னொரு பாதிதான்."

"நான் செத்துட்டா?"

"சட்டையோட சாவாத. அந்தக் கோல் கம்பம் ஓரமா ஒளிஞ்சுக்கோ. அசையவே அசையாத."

அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறாகப் போயிற்று. இரண்டாம் பாதியில் ரோவர்ஸ் கார்னர் ஒன்று அடித்தார்கள். கம்பத்தில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த வில்ஃபின் பின்பக்கத்தில் பந்து பட்டு வலைக்குள் போனது. அவன் திடுக்கிட்டு, "நான் தூங்கல," என்றான். மைதானமே கத்தியது. "வில்ஃப்" என்று யாரோ கத்துவது காதில் விழாதபடி நெவில் அதைவிட உரக்கக் கத்தினார்.

"யாரு போட்டது?" என்றார் பென்ஹாலிகன்.

"பதினொண்ணு," என்றார் நெவில். இன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது.

"எப்படிப் போட்டான்?"

நெவில் மூச்சை இழுத்துக்கொண்டார். "நாலு பேரைத் தாண்டினான் சார். கோல்கீப்பர் முன்னாடி வந்தான். கோரி பந்தைத் தொடவே இல்ல. சும்மா அப்படி நின்னான். கோல்கீப்பர் தானா விழுந்துட்டான். அப்புறம் மெதுவா, கதவைச் சாத்துற மாதிரி, உள்ள தள்ளினான்."

பென்ஹாலிகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார். "திங்கட்கிழமை கூட்டிட்டு வர்றேன். இல்ல, ஆட விட்டுப் பார்க்கறதெல்லாம் வேண்டாம். நான் சொல்றேன்ல." போனை வைத்தார். "பையனை வரச் சொல்லுங்க நெவில். அவன் கையைக் குலுக்கிட்டுத்தான் போவேன்."

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. தேநீர் அறையில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் ஐடா, இறைச்சியை மாவில் பொதிந்து சுட்ட சூடான பையும் மசித்த பட்டாணியும் எல்லோருக்கும் வைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சட்டைக்காரர்கள் தோற்ற துக்கத்தில் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய ஒட்டக மேனேஜர், "நல்ல ஆட்டம் கெவின்," என்று கை கொடுத்தார். திருத்தும் தெம்பு நெவிலுக்கு இல்லை.

பென்ஹாலிகன் மூலையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிச்சிட்டிருக்கான் சார்," என்றார் நெவில்.

சற்று நேரத்தில் குளித்து முடித்த வில்ஃப், பதினோராம் நம்பர் சட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தான். "ஐடா, எனக்கு ரெண்டு பை," என்றான்.

பென்ஹாலிகன் சட்டையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கடைசியாக நெவிலைப் பார்த்தார்.

வில்ஃபைக் கோரியின் அப்பா என்று சொல்லலாம். கோரி மயங்கி விழுந்துவிட்டான், ஆம்புலன்ஸில் போய்விட்டான் என்றுகூடச் சொல்லலாம். அன்றைக்கு நெவிலின் வாய்க்கு அதெல்லாம் பெரிய வேலையே இல்லை. ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"கோரி இன்னைக்கு வரவே இல்ல சார். மலைமேல வேன் நின்னுபோச்சு. நான் சொன்னது எல்லாம் பொய்."

"எல்லாமா?"

"அந்த நாலு பேர், கோல்கீப்பர், கதவு, எல்லாமே."

ஐடா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் ஏன் இப்பச் சொல்றீங்க? திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்ல?"

"திங்கட்கிழமை அவன் போய் உங்க ஆளுங்க முன்னாடி நிப்பான். அவங்க நான் சொன்ன பையனைத் தேடுவாங்க. இவன் அவன் இல்ல சார். இவன் சில நாள் பந்தைத் தவற விடுவான். குளிர்ல மூக்கு ஒழுகும். ஆனா நல்லா ஆடுவான், நிஜமாவே நல்லா ஆடுவான். நான் அவனுக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு, அவன் இடத்துல வேற ஒருத்தனை நிக்க வச்சுட்டேன்."

வில்ஃப் மட்டும், "கோல் நிஜம்தான்," என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

பென்ஹாலிகன் கழுத்துத்துணியை நிதானமாகச் சுற்றிக்கொண்டார். "வாரா வாரம் எங்கயாவது ஒரு வேலியில நின்னு ஆட்டம் பாக்கறேன் நெவில். இன்னைக்குத்தான் ஒண்ணுமே பாக்கல. இன்னைக்குத்தான் நேரம் போனதும் தெரியல." எழுந்தார். "பையன் மேல கோபமில்ல. ஆனா திரும்பி வர எனக்கு இனிமே நாள் இல்ல. அடுத்த வாரத்துலேருந்து தெற்குப் பக்கம் போறேன். பார்க்காத பையனை எடுத்துக்கச் சொல்லி எப்படிக் கேக்கறது?"

அவர் போனை எடுத்துத் திங்கட்கிழமையை ரத்து செய்ய எண்ணை அழுத்தினார். நெவில் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி விலகத் தொடங்கியிருந்தது. முதலில் புல், பிறகு கோடுகள், பிறகு நான்கு ஆரஞ்சுக் கோட்டுகள் மாட்டிய கோல் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வெயில் மைதானத்தின் மேல் மெல்லிய மஞ்சளாகப் பரவியது. ஒரு மனிதனைப் பரிகசிக்க இதைவிட நல்ல வெளிச்சம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. பஸ் டிரைவர் சீருடையில் ஒரு குட்டையான ஆள் உள்ளே வந்து, பையும் கையுமாக உட்கார்ந்திருந்த மஞ்சள் சட்டைக்காரர்களை ஒரு சுற்று குழப்பத்தோடு பார்த்துவிட்டு, நெவில் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிருங்கப்பா, மலைமேல பனியில மாட்டிக்கிட்டோம், ஓல்ட்ஷா ஆட்டக்காரங்களை வெளிய இறக்கி விட்டிருக்கேன், வழியில ஒரு ஆட்டுப் பக்கத்துல நின்னுட்டிருந்த உங்க பையன் கோரியையும் ஏத்திட்டு வந்துட்டேன், ஆட்டத்தை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"