நெப்டியூனில் என் விரிவுரை

வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரம் துருவ நட்சத்திரம்தான் என்று இந்த நாட்டில் படித்தவர், படிக்காதவர், பட்டம் பெற்றவர், பட்டம் விடுபவர் எல்லோரும் நம்புகிறார்கள். நாட்டின் இன்றைய துன்பங்களில் பாதிக்கு இந்த நம்பிக்கையே காரணம் என்பதை என்னால் நிரூபிக்க முடியும். இடம் போதாது என்பதால் விடுகிறேன். ஆனால் நம்பிக்கை தவறு. பிரகாசத்தில் அந்த நட்சத்திரம் ஐம்பதாம் இடத்தை ஒட்டி எங்கோ பின்வரிசையில் நிற்கிறது. காத்தான்குடியிலிருந்து பார்த்தால், கலியாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவரைப் போல, வடக்கு அடிவானத்தில் தென்னை மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும்.

மேலே உள்ளது என் விரிவுரையின் முதல் பந்தி. விரிவுரையின் பெயர் ‘வானமும் மானிடரும்: ஓர் அறிமுகம்’. நான் பதியுதீன், தரம் பத்துக்கு விஞ்ஞானம் கற்பிப்பவன், பாடசாலை வானியல் கழகத்தின் பொறுப்பாசிரியன். இந்த விரிவுரையை ஆண்டுதோறும் நிகழ்த்தி வருகிறேன். முடிவுவரை கேட்டவர் இதுவரை எவருமில்லை. அதனால் முடிவு என்ன என்பது எனக்கே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது.

கழகத்தில் சில மாணவர்கள் இருந்தார்கள். எங்கள் கட்டடத்திலேயே ஒழுங்காகச் சுற்றும் மின்விசிறி கழக அறையில்தான் இருந்தது என்பதை அவர்கள் வருகைக்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு. அவர்களில் முதன்மையானவன் ஸாஜித். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை ஒரு சுற்றுச் சுற்றி மேசையில் வந்து நிற்கும்.

இப்படி இருக்கையில் பாடசாலை அதிபர் கச்சி முகம்மது என்னை அழைத்தார். நல்ல மனிதர், கிரிக்கெட் பிரியர். தவணை முடிவதற்குள் கழகத்துக்கு ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் சேராவிட்டால், அந்த அறையை மட்டைகளும் கால்கவசங்களும் வைக்கக் கொடுத்துவிடப் போவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு அண்டவெளியே இருண்டுவிட்டது. அது எப்போதும் இருண்டுதான் கிடக்கிறது என்பது வேறு விடயம். கழகம் போனால் விரிவுரை போகும். விரிவுரை போனால் எனக்கு மிஞ்சுவது தரம் பத்தின் அமிலமும் காரமும்தான்.

அந்த வாரமே கட்டாரிலிருந்து என் மச்சினன் ரிஸ்கான் இரண்டு வீ.ஆர். கண்ணாடிகளை அனுப்பியிருந்தான். அனுப்பியது அவனுடைய ராத்தாவுக்கு, அதாவது என் மனைவி பஹீமாவுக்கு. எங்கள் பாடசாலையிலேயே கணிதம் கற்பிக்கிறாள். கண்ணாடியை முகத்தில் மாட்டினால் வீட்டுக் கூடம் மறைந்து வானம் வருகிறது. எந்த ஊரில், எந்த நாளில், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். சந்திரனில் நடக்கலாம், சனியின் வளையத்துக்குள் கையை விடலாம். நான் கையை விட்டேன். பஹீமாவின் பூச்சாடி ஒன்று விழுந்தது.

பூச்சாடியின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. கரும்பலகைக்கு முன்னால் அமரும் மாணவன் யன்னலைப் பார்க்கலாம், தூங்கலாம், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழும்பலாம். கண்ணாடிக்குள் இருப்பவன் எங்கே போவான்? கண்ணாடியில் ஓடும் செயலியில் ஒரு வீட்டை அமைத்து, அதன் வாசலில் நம் குரலைப் பதிந்து வைக்கலாம். குரல் முடிந்தால்தான் கதவு திறக்கும், கதவு திறந்தால்தான் வானம். மனித வரலாற்றின் முதலாவது தப்ப முடியாத வகுப்பறை. இதைக் காத்தான்குடியில் நிறுவுவதென்று தீர்மானித்தேன்.

அமைக்கும்போது செயலி சில விபரங்களைக் கேட்டது. வீட்டின் உரிமையாளர் பெயர் என்ன? வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில், மின்சாரப் பட்டியல் அவள் பெயரில், தண்ணீர்ப் பட்டியலும் அவள் பெயரில். எந்த அலுவலகத்தில் எவர் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் என் கை தானாக ஒரே விடையைத்தான் எழுதும். இப்போதும் எழுதியது. உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் கேட்டது. அதையும் கொடுத்தேன். அடுத்து, நான் யார் என்று கேட்டது. ‘விருந்தினர்’ என்ற கட்டத்தைத் தட்டினேன். அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து பஹீமா கைத்தொலைபேசியுடன் வந்தாள்.

“இஞ்ச பாருங்க, எனக்கு ஒரு மெசேஜ் வந்திரிக்கி. என்ட புது வீடு தயாராம்.”

“ஓம். அது வானத்தில.”

“எத்தின அறை?”

“அறை ஒண்டுமில்ல. வாசலும் கதவும் மட்டுந்தான்.”

“அதையும் நான்தான் கூட்டிப் பெருக்கணுமா?”

கண்ணாடியை மாட்டிக்கொடுத்தேன். கூடத்தின் நடுவில் அசையாமல் நின்று கேட்டாள். நான் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து அவள் முகத்தில் வியப்புத் தோன்றுவதற்காகக் காத்திருந்தேன். தாடை மட்டும்தான் தெரிந்தது. அது ஒரு முறை கொட்டாவி விட்டது.

“கதவு எப்ப திறக்கும்?” என்றாள்.

“நான் முடிச்ச பிறகு.”

“நீங்க எப்ப முடிப்பீங்க?”

“இப்பதான் கிரேக்கருக்கு வந்திரிக்கன்.”

கண்ணாடியைக் கழற்றினாள். பிள்ளைகள் பாவம் என்றாள். வானத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய்ப் வாசற்படலையடியில் நிறுத்தி வைப்பது நியாயமா என்று கேட்டாள். பாதியை வெட்டச் சொன்னாள். கால்வாசியாவது வெட்டச் சொன்னாள். நான் எழுந்து நின்றேன். என் வீட்டில், அதாவது அவள் வீட்டில், நான் எழுந்து நின்று பேசுவது அபூர்வம்.

“ஒரு சொல்லையும் வெட்டக்கூடாது. நீயும் கைவைக்கக்கூடாது. வாக்குத் தா.”

“ஒரு சொல்லையும் வெட்டமாட்டன்,” என்றாள் பஹீமா. “ஒரு எழுத்தையும் வெட்டமாட்டன். போதுமா?”

போதும் என்றேன். இவ்வளவு சுலபமாக வென்றது அதுவே முதல் தடவை. வெற்றியின் ருசி பழக்கமில்லாததால் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கழகத்துக்குப் பிள்ளை சேர்க்க நான் ஏற்பாடு செய்த கண்காட்சி நாள் வந்தது. கழக அறையில் தரம் பத்தும் பதினொன்றும் நெருக்கியடித்தன. கண்ணாடி போட்டவர் பார்ப்பதை மற்றவர்களும் பார்க்கும்படி சுவரில் படம் விழுந்தது. அதிபர் பின்வாங்கில் அமர்ந்து, கால்கவசங்களை எங்கே அடுக்கலாம் என்று மூலைகளைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். முதல் கண்ணாடி ஸாஜிதுக்கு. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் குரலுக்காகக் காத்து நின்றேன்.

குரல் வரவில்லை. கதவு திறந்தது.

சுவரில் எங்கள் வாவி. சூரியன் சற்றுமுன் விழுந்த செம்மை, அடியில் கறுப்பாய்ச் சில கண்டல் மரங்கள். போன நோன்புக்குத் தலைப்பிறை தேடிய அந்தி அது. அன்றைக்கு மேகம் மூடிக்கொண்டதில் ஊரே அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்துத் திரும்பியது. இங்கே மேகமில்லை.

“பிறையத் தேடு மகன்,” என்றாள், கைத்தொலைபேசியில் வானத்தை இயக்கிக்கொண்டு சுவரோரமாக நின்ற பஹீமா.

ஸாஜித் திரும்பினான். கடல் பக்கம் பார்த்தான். எங்கள் ஊரில் பிறை பார்க்க எல்லோரும் கடற்கரைக்குத்தான் ஓடுவோம். ஓடிப்போய்க் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம், ஏனென்றால் கடல் கிழக்கே, பிறை மேற்கே. அவன் முதுகைக் காட்ட மறந்துவிட்டான். வகுப்பு முழுவதும் அவனுக்கு வழி சொன்னது. வாவிப் பக்கம், இன்னும் கீழே, கண்டலுக்கு மேலே, வலது பக்கம், அவ்வளவு இல்லை. நகத்தை வெட்டிப் போட்டதுபோல ஒரு கோடு. கண்டதும் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டியிருந்தது.

பஹீமா அந்தியை ஒவ்வொரு நாளாக நகர்த்தினாள். பிறை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலேறியது, கொஞ்சம் தடித்தது. இருபது வருடங்களாகக் கரும்பலகையில் வட்டம் வரைந்து பாதியை வெண்கட்டியால் நிரப்பிக் காட்டியவன் நான். அந்த வட்டங்களைப் பார்த்து ஒரு பிள்ளையாவது ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது ஸாஜித் கண்ணாடியோடு நின்றபடியே கேட்டான்.

“டீச்சர், சூரியனுக்குக் கிட்ட நிண்டா மெலியிது, விலகிப் போகப் போகக் கொழுக்கிது. அது ஏன்?”

“சேரிட்டக் கேளு,” என்றாள் பஹீமா.

அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தேன். கிரேக்கர் நாக்கு நுனிவரை வந்துவிட்டார்கள்.

“ஒரே வசனத்தில,” என்றாள்.

கிரேக்கரை விழுங்கினேன். “சந்திரனில பாதிக்கு எப்பவும் வெயில்தான் மகன், அந்தப் பாதியில எவ்வளவு எங்கட பக்கம் தெரியுதோ அதுதான் பிறை,” என்றேன்.

உடனே அவள் அவர்களைப் பூமியிலிருந்து மேலே தூக்கினாள். சூரியனும் பூமியும் சந்திரனும் ஒன்றாகத் தெரியும் உயரத்தில் நிறுத்தி, சந்திரனை நீங்களே தள்ளிப் பாருங்கள் என்று விட்டுவிட்டாள். பிள்ளைகள் தள்ளினார்கள். தள்ளத் தள்ள, நான் சொன்ன வசனம் சுவரில் நடந்தது. என் வசனத்தை ஸாஜித் பக்கத்திலிருந்தவளுக்குத் திருப்பிச் சொன்னான், ஒரு சொல்லும் பிசகாமல். ஆசிரியத் தொழிலில் அப்படி ஒரு நிமிடம் இருக்கும் என்று என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த நிமிடத்தை உண்டாக்கியவள் சுவரோரமாக நின்று முந்தானையால் மற்றக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வியாழனின் நிலாக்களை முதலில் கண்டவருக்குக்கூட நான் அன்றைக்கு அவளைப் பார்த்த அளவு வியப்பு இருந்திருக்காது.

ஆனாலும் கொள்கை கொள்கைதான். அவளருகே போய், என் விரிவுரை எங்கே என்று மெதுவாகக் கேட்டேன்.

“இரிக்கி. ஒரு எழுத்தும் வெட்டல்ல.”

“வாசலில காணல்லயே.”

“வாசலில இருந்து எடுத்து நெப்டியூனில வெச்சிரிக்கன். அங்க போனா முழுசாக் கேக்கலாம்.”

சூரியனிலிருந்து ஒளி போய்ச் சேரவே நாலு மணித்தியாலம் ஆகும் இடம் அது என்று எடுத்துச் சொன்னேன். அமைதியான இடம், உங்களுக்குப் பிடிக்கும் என்றாள். உடனே பழைய இடத்துக்கு மாற்றும்படி கேட்டேன். நீங்களே மாற்றுங்கள் என்று கண்ணாடியைத் தந்தாள். மாட்டி, வாசலைத் தொட்டேன். ‘வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்கவும்’ என்று எழுத்து வந்தது.

அனுமதி கேட்காமல் நேரே நெப்டியூனுக்குப் போனேன். நீல வெளி. தூரத்தில் சூரியன் வெறும் வெள்ளைப் பொட்டு. துருவ நட்சத்திரத்தில் தொடங்கி என் குரல் கணீரென்று ஒலித்தது. இந்தத் தடவையாவது முடிவைத் தெரிந்துகொள்வதென்று ஒரு கதிரையைத் தடவி எடுத்து அமர்ந்து கேட்டேன். கிரேக்கர் வந்தார்கள். அரபியர் வந்துகொண்டிருந்தார்கள்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணாடியைக் கழற்றினால் அறை காலி. ஸாஜித் மட்டும் நின்றான்.

“சேர், மணி அடிச்சி எவ்வளவு நேரம். குறட்டைச் சத்தம் அதிபர்ர அறைக்குக் கேக்கிதாம். எழுப்பிவிடச் சொன்னார்.”

கழகம் பிழைத்தது. அந்தத் தவணையிலேயே பெயர் கொடுத்த பிள்ளைகளுக்கு அறை போதாமல், அதிபர் கிரிக்கெட் மட்டைகளைத் தம்முடைய அறையிலேயே அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்துக்கொண்டார். கழகத்துக்கு இப்போது பஹீமா டீச்சரும் பொறுப்பு. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நான் விடை சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம்.

கழகத்தில் குழப்படி செய்பவர்களைப் பஹீமா நெப்டியூனுக்கு அனுப்புகிறாள். போன வாரம் இரண்டு பேர் போனார்கள். மறுநாள் காலையில் இருவரும் வாப்பாமாரைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்கள்.