நாற்பது பந்தும் ஒரு கொக்கியும்

ட்ரெய்லர் ஏறி நின்ற எடை மேடையின் பலகையில் 2640 என்று சிவப்பாக எரிந்தது. வெண்டல் காங்காஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"அறுநூத்தி நாப்பது பவுண்டு அதிகம்," என்றார் மனைவி மார்லிஸிடம். "இருக்கட்டும். இதெல்லாம் ஒரு விஷயமா? அரை மணி நேரத்துல சரி பண்றேன் பாரு."

பின்னால் ஒரு பூதாகரமான டீசல் ட்ரக் உறுமிக்கொண்டு நின்றது. அதன் ஜன்னலிலிருந்து மார்லிஸின் அண்ணன் டெல்பர்ட் தலையை நீட்டினான்.

"என்ன மாப்ளே, பொம்மை வண்டிக்கு மூச்சு வாங்குதா? பேசாம என் கொக்கியில மாட்டு. கலுமெட்டுல கொண்டுபோய் இறக்கிட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வந்துடறேன்."

"உன் வேலையைப் பாருடா மச்சான்."

விவகாரம் இதுதான். வெண்டலும் மார்லிஸும் ஹான்காக் வீட்டை விற்றுவிட்டு, மலைக்கு மேலே கலுமெட்டில் இருக்கும் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். பெரிய சாமான்கள் போன வாரமே போய்விட்டன. மிச்சத்தில் பெரும்பாலானவை இந்த வாடகை ட்ரெய்லருக்குள். அதைத் தன் சின்ன ஹைபிரிட் பிக்கப்பிலேயே, ஒரே நடையில், யார் உதவியும் இல்லாமல் கொண்டு சேர்ப்பதாக வெண்டல் பந்தயம் கட்டியிருந்தார். ஜெயித்தால் டெல்பர்ட் இன்றைக்கு வெள்ளிக்கிழமை மீன் விருந்து வாங்கித் தரவேண்டும். அதுவும் வெண்டலின் பின்சீட்டில் முட்டியை மடக்கி உட்கார்ந்து வந்து. தோற்றால் 'பொம்மை வண்டி' என்று வெண்டல் தன் கையாலேயே எழுதி வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்ளவேண்டும். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார் அவர். அப்படி ஒட்டிக்கொண்டு ஊருக்குள் போவதைவிட குளிரில் விறைக்கும் கால்வாயில் குதித்துவிடலாம்.

"கொஞ்சம் கூடப் போனாதான் என்னவாம்? எவன் வந்து பார்க்கப்போறான்?" என்றான் டெல்பர்ட்.

"எல்லைன்னா எல்லை. இந்த வண்டி ரெண்டாயிரம் இழுக்கும். கூடுதல் கொக்கி போட்டு வாங்கினா இன்னும் இழுக்குமாம். வெட்டிச்செலவுன்னு நான்தான் வேண்டாம்னேன். இருக்கறதை வெச்சு ஓட்டத் தெரியணும், அதான் டிரைவிங்."

சொன்ன கையோடு, வண்டி வாங்கிய கடைக்கே போன் போட்டார். எடுத்தவன் எம்மெட், அவருடைய பழைய மாணவன்.

"எம்மெட், என் வண்டியோட இழுவை எல்லை ரெண்டாயிரம்தானே? என் மச்சானுக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு."

"ஆமா சார்," என்றான் எம்மெட். "நீங்க ரெண்டாயிரம்னே வெச்சுக்கங்க."

"கேட்டியா?" என்றார் வெண்டல் டெல்பர்ட்டைப் பார்த்து. மார்லிஸ் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

எடைக்குக் காரணம் எதுவென்று மூவருக்குமே தெரியும். பௌலிங் பந்துகள், கட்டைகளை உருட்டித் தள்ளும் கனத்த உருண்டைகள். ஊர் ஊராக, மூடிப்போன பௌலிங் கூடங்களிலிருந்து வெண்டல் பொறுக்கிச் சேர்த்த நாற்பது பந்துகள். பதினாறு பவுண்டுக்குக் குறைந்ததைப் பந்தென்றே அவர் மதிப்பதில்லை. ஹான்காக் வீட்டில் அவை குளியல் தொட்டியில்கூட இருந்தன. போன கிறிஸ்துமஸுக்கு வந்த போதகர் ஒன்றின் மேல் உட்கார்ந்து விழுந்து, ஈஸ்டர் வரைக்கும் நின்றுகொண்டே ஜெபம் செய்தார்.

"பந்தை எல்லாம் ட்ரெய்லர்லேர்ந்து எடுத்து நம்ம வண்டியோட பின்பக்கத் திறந்த பெட்டியில போட்டுடலாம்," என்றார் வெண்டல். "பெட்டி தாங்கற எடை தனிக்கணக்கு. எப்படி?"

"பின்சீட்டுல வைக்கலாமே?" என்றான் டெல்பர்ட்.

"பின்சீட்டு முழுக்க என் பூந்தொட்டி இருக்கு அண்ணே. காலையிலயே அடுக்கிட்டேன்," என்றாள் மார்லிஸ்.

பெட்டி நாலரை அடி நீளம். அதில் ஏற்கெனவே ஏற்றியிருந்த மார்லிஸின் தையல் மேஜையின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பின்கதவைச் சாத்த முடியவில்லை. வெண்டல் ஒரு நாடாவைக் குறுக்கே இழுத்துக் கட்டி, தட்டிப் பார்த்து, "யானை வந்து இடிச்சாலும் அசையாது," என்றார்.

குவின்சி மலைச் சாலையின் முதல் ஏற்றத்திலேயே நாடா அவிழ்ந்தது.

முதலில் பச்சைப் பந்து இறங்கியது. அடுத்து இரண்டு கறுப்பு. பிறகு எல்லாம் சேர்ந்து தடதடவென்று கொட்டி, ட்ரெய்லரின் இரண்டு பக்கமும் பிரிந்து மலையிறங்கி ஓடின. பின்னால் வந்த டெல்பர்ட் அவ்வளவு பெரிய ட்ரக்கை நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு சிரித்தான். தபால்காரர் தன் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். பந்துகள் ஒரு நாயைச் சுற்றிக்கொண்டு, மலையடிவாரத்து லூத்தரன் சர்ச்சின் புல்வெளிக்குள் புகுந்து, அங்கே போட்டிருந்த மேஜைகளின் காலடியில் வரிசையாகப் போய் நின்றன.

ஊரே உதவிக்கு வந்தது. உதவியைவிட வாய்தான் அதிகம் வந்தது.

"சார், உங்க பச்சைப் பந்து இண்டிகேட்டர் போடாம திரும்பிடுச்சு."

"சந்திப்புல நிக்கவே இல்ல சார். நானா இருந்தா பெயில் பண்ணியிருப்பீங்க."

போலீஸ் உடையில் ஒரு பெண் வந்தாள். அவளும் பழைய மாணவிதான், பெயர் டானிகா. "யாருக்கும் அடி படலை. அதனால விட்டுடறேன் சார். ஆனா கட்டாத சுமை ரோட்டுல ஏறக்கூடாது. இது நீங்க சொல்லிக்கொடுத்தது. பந்தெல்லாம் மூடின ட்ரெய்லருக்குள்ளதான் போகணும்."

"ட்ரெய்லருக்குள்ள போனா எல்லை தாண்டிடும்மா."

"எல்லை தாண்டவும் கூடாது சார். அதுவும் நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். "மாப்ளே, ஒரே வார்த்தை சொல்லு. நாப்பதையும் என் வண்டியில ஏத்திக்கறேன். அட்டையும் பேனாவும்கூட இருக்கு, பெரிய எழுத்தா எழுது."

வெண்டல் பந்துகளைப் பார்த்தார். டெல்பர்ட்டைப் பார்த்தார். பந்தை விட்டால் மானம் நிற்கும். பந்தை வைத்துக்கொண்டால் மானம் போகும். மூன்றாவது வழி தெரியவில்லை.

"என்ன அதிசயம் பாருங்க," என்றாள் மார்லிஸ், மேஜைகளைச் சுற்றிப் பார்த்தபடி. "இன்னிக்கு இங்க பழைய சாமான் விற்பனையாமே. கூரை ரிப்பேருக்கு."

அவள் குரலில் அதிசயம் அவ்வளவாக இல்லை. வெண்டலுக்கு அதைக் கவனிக்கும் நிலை இல்லை. அவர் தோளை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய், போதகரிடம் உரக்கச் சொன்னார்: "பாஸ்டர், இது தானாக் கொட்டினது இல்ல. நானா கொடுக்கறது. சர்ச்சுக்கு என் காணிக்கை."

போதகர் ஒரு பந்தை ஜாக்கிரதையாகக் காலால் தள்ளிவிட்டு நன்றி சொன்னார்.

ஒவ்வொன்றாக மேஜைக்குப் போயிற்று. வெண்டல் ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தார். கடைசியாகச் சிவப்புப் பந்து. அதை வைத்துத்தான் ஒரு தடவை, முழு ஸ்கோரான முந்நூறுக்கு ஒன்று குறைவாக ஆடினார். விழாமல் நின்ற அந்த ஒரு கட்டை இன்னும் அவர் கனவில் வந்து நிற்கிறது. அதை மேஜைமேல் வைத்தவர் கையை எடுக்கவில்லை.

மார்லிஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து அதைத் தூக்கிக்கொண்டாள்.

"இது மட்டும் என் மடியில இருக்கட்டும். மடிக்கு எல்லை எதுவும் எழுதலையே?"

"இல்ல மார்லி," என்றார் வெண்டல். "இந்த வண்டியும் நீயும் இல்லேன்னா நான் என்ன ஆவேன்."

டெல்பர்ட் விடவில்லை, மறுபடி எடை போடச் சொன்னான். போட்டார்கள். 2000. இம்மி கூடவில்லை, குறையவில்லை. வெண்டல் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார், எடை மேடைக்காரரோடு கைகுலுக்கினார், கேட்காதவர்களுக்கும் கணக்கை விளக்கினார்.

மலை ஏறும்போது வண்டி கொஞ்சம்கூட முனகவில்லை. "பார்த்தியா, எவ்வளவு லேசா ஏறுது," என்றார். "எல்லைக்குள்ள இருந்தா இப்படித்தான். இன்னும் இவ்வளவு பாரம் வெச்சாலும் இழுக்கும்போல இருக்கு. ஆனா வைக்கக்கூடாது. அதுதான் ஒழுக்கம்."

"ஆமாங்க," என்றாள் மார்லிஸ், பந்தை மடியில் பிடித்துக்கொண்டு.

சாயங்காலத்துக்குள் சாமான் இறங்கியது, பூந்தொட்டிகள் ஜன்னலேறின, ட்ரெய்லரும் திரும்பிப் போயிற்று. புது வீட்டின் கூடம் காலியாக, நடக்க இடத்தோடு இருந்தது. மார்லிஸ் அதன் நடுவில் கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

மீன் விருந்துக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் டெல்பர்ட், முட்டி இரண்டும் மோவாயில் இடிக்க. முன்னால் மார்லிஸ். புது வீட்டில் பந்தை எங்கே வைப்பது என்று முடிவாகாததால் அது இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

"இழுவை விஷயத்துல ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே கேளு மச்சான்," என்றார் வெண்டல். "இந்த வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது."

மார்லிஸின் போன் அடித்தது. வண்டியோடு இணைத்திருந்ததால் அழைப்பு ஸ்பீக்கரில் வந்தது. அவள் கை எட்டுவதற்குள் வெண்டல் ஸ்டியரிங்கிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டார்.

"மார்லிஸ் அம்மா, எம்மெட் பேசறேன், வண்டிக் கடையிலேர்ந்து. நீங்க சொல்லிவெச்ச மாதிரியே சார்கிட்ட ரெண்டாயிரம்னு சொல்லிட்டேன், ஆனா எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவராச்சே, மனசு உறுத்துதும்மா. நீங்க சாருக்குத் தெரியாம கூடுதல் கொக்கி போட்டு வாங்கினீங்க, வண்டி நாலாயிரம் இழுக்கும்னு இப்பவாவது அவர்கிட்ட சொல்லிடலாமா, இல்ல இன்னும் பந்து மிச்சம் இருக்கா?"