ஒட்டாத மீசைக்காரரின் பேர்

புளியங்குளத்தில் சலூன் வைத்திருக்கும் ‘ஷங்காய்’ அண்ணைக்குத் தெரியாத மீசை இந்த உலகத்திலேயே கிடையாது. ஒட்டின மீசையா, முளைச்ச மீசையா என்று ஒரு மைல் தள்ளி நின்றே சொல்லிப்போடுவார்.

அந்தக் கண்ணை அவர் செலவழிப்பது படம் பார்ப்பதில். அதுவும் என்ன படம்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இங்கிலாந்தில் அவசர அவசரமாக எடுத்துத் தள்ளிய மலிவுப் படங்கள். ஷங்காய், அபின் கடத்தல் என்று கதை போகும்; அண்ணைக்கு ஊர் வைத்த பட்டப்பேரும் அதிலிருந்துதான். சீனராக வருவதெல்லாம் கண்ணை இழுத்து ஒட்டிய வெள்ளைக்காரர். கைபேசியில் தேடிப்பிடித்து சலூன் ரீவியில் போட்டுவிடுவார். கிரிக்கெட் போடச் சொன்னால் உங்கள் தலை பாதியில் நிற்கும். எனக்கு நின்றிருக்கிறது.

“மாஸ்ரர், உவன்ர மீசையைப் பாருங்கோ, பசை விட்டுட்டுது! கதைக்காதை மோனை, விழப்போகுது!” என்று வில்லனுக்கே புத்தி சொல்லுவார். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் படம் அவருக்குத்தான் விளங்கும்.

ஒருநாள் என் மீசையைக் கத்தரிக்கும்போது “ஐயோ!” என்று கத்தினார்.

“மாஸ்ரர், உது சொந்த மீசை!”

ரீவியில் வில்லனுக்குப் பின்னால் உண்மையான சீனர் ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாலே செக்கன். ஒரு வசனமும் இல்லை.

“பசை பூசினவனுக்கு ராசா வேசம், உண்மையான மனுசனுக்குத் தேத்தண்ணி காவுற வேலையோ?” அந்தக் கோபத்தில் என் மீசை பாதி போய்விட்டது.

படத்தில் போட்ட பேர்களில் அந்தச் சீனரின் பேர் இல்லை. “இவற்ற பேர் எனக்கு வேணும்” என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். இங்கிலாந்தில் பழைய படங்களைப் பாதுகாக்கும் ஓர் இடத்துக்கு நான்தான் ஈமெயில் எழுதினேன். அதற்குப் பிறகு என்னைக் கண்ட இடமெல்லாம், “பேர் வந்ததோ?”

ஒருவழியாகப் பதில் வந்தது. பேர் பதியப்படவில்லையாம். வாசித்துக் காட்டினேன். ஆட்கள் தலைமயிர் வெட்ட இருக்கும் கதிரையில் அவரே போய் இருந்துவிட்டார்.

“அந்த நேரம் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வருசமாக இவரிடம் தலையைக் கொடுக்கிறேன்.

“அண்ணை, உங்கட பேர் என்ன?”

சுவர்க் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். நல்ல பேர்.

“நீங்கள் எழுதிற பேப்பரில போட்டிடாதேங்கோ மாஸ்ரர். பிறகு ஆரெண்டு ஒருத்தருக்கும் விளங்காது.”

போடவில்லை. ஆனால் இப்போது சலூனுக்குள் நுழையும்போது அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கிரிக்கெட் கேட்பதே இல்லை.