முதுகுப் பக்கம் ஜிப் வைத்த உடை

இந்த முறை மனைவியைப் பேசியே ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த முடிவை அடிக்கடி எடுத்து வருகிறேன். ஆனால் இந்த முறை என் கையில் கணக்கு இருந்தது.

விஷயம் இதுதான். வாரம் முழுக்க நான் மாடித் தண்ணீர்த் தொட்டி விற்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறவன். அங்கே ஃபோன் வராது. சமையலறைக் குழாய் ஒழுகாது. எந்த மீனும் என்னைப் பார்த்து, “போன வாரமே சொன்னேனே, என்ன ஆச்சு?” என்று கேட்காது. அந்தச் சொர்க்கத்துக்கு நான் போட்டுக்கொண்டு போகிற வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை, இடுப்பில் பிளந்துவிட்டது. இது மூன்றாவது. எனக்கு இனிமேல் தண்ணீரே புகாத டிரைசூட்தான் வேண்டும். அதன் விலைக்கு ஒரு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி, மிச்சத்துக்கு மிக்ஸியும் வாங்கலாம்.

என் மனைவி என்னைவிட உயரம்; ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். “நானும் கடலுக்கு வர்றேங்க” என்று முன்பெல்லாம் கேட்பாள். “உனக்குக் குளிர் ஒத்துக்காதும்மா” என்று அக்கறையாகச் சொல்லிவிடுவேன். அக்கறை அவள்மேல் அல்ல, என் ஞாயிற்றுக்கிழமைமேல்.

சாப்பாடு முடிந்து அவள் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து, தொட்டி விற்கிற குரலில் ஆரம்பித்தேன்.

“வெட்சூட்ல தண்ணி உள்ள வந்துடும். அந்தத் தண்ணி உடம்புச் சூட்டுல வெதுவெதுப்பாகும். அப்படித்தான் அது வேலை செய்யுது. ஆனா ஆழத்துல அமுங்கி அமுங்கி அந்த ரப்பர் மெலிஞ்சுடும். மூணு நாலு வருஷம், அவ்வளவுதான்.”

“டிரைசூட்?”

“ஒரு சொட்டு உள்ள வராது! உள்ள ஸ்வெட்டரே போட்டுக்கலாம். குளிரவே குளிராது. ஒழுங்கா வெச்சுக்கிட்டா இருபது வருஷம் உழைக்கும்.”

“குளிரவே குளிராதா?”

“துளிகூட!”

“கழுத்துலயும் மணிக்கட்டுலயும் ரப்பர் பட்டை இருக்குமாமே. அதுவும் இருபது வருஷமா?”

இதை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். எங்கே படித்தாளோ!

“அது... அப்பப்ப மாத்தணும்.”

“ஜிப்புக்கு மெழுகு தடவணுமாம்?”

“அதெல்லாம் என் பொறுப்பு.”

“அந்தச் செலவையும் சேத்துக் கணக்குப் போடுங்க.”

போட்டேன். சேர்த்தும் டிரைசூட்தான் ஜெயித்தது. இருபது வருஷத்தில் வெட்சூட் ஆறு ஏழு வாங்க வேண்டியிருக்கும். டிரைசூட் ஒன்றே போதும். அவள் கணக்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, “நியாயமாத்தான் இருக்கு. வாங்கிடலாம்” என்றாள்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் வெற்றி!

“ஆனா இருபது வருஷம் உழைக்கணும்னா அளவு கச்சிதமா இருக்கணும். நானே அளந்து கடைக்குச் சொல்றேன்” என்று டேப்பை எடுத்து வந்தாள்.

“மூச்ச விடுங்க.”

“விட்டுட்டேன்.”

“விட்டதுக்கு அப்புறம்தான் இவ்வளவா?”

பார்சல் ஒரு சனிக்கிழமை வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஃபோனில் சொன்னதும், “நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க. அதைப் போட ரெண்டு பேர் வேணும்” என்றாள். தொட்டி விற்பவனுக்கு ஒரு சட்டை போடத் தெரியாதா? இரண்டு பெரிய டம்ளர் டீ குடித்துத் தெம்பு ஏற்றிக்கொண்டு காரியத்தில் இறங்கினேன்.

கால் நுழைந்தது. வயிறு யோசித்தது. மூச்சை அடக்கி அதையும் உள்ளே தள்ளினேன். கழுத்து ரப்பருக்குள் தலையை விட்டபோது காது இரண்டும் வெளியிலேயே தங்கிவிடும்போல் இருந்தது. வயிற்றில் இறுக்கம்; காலில் மடிப்பு மடிப்பாகத் தொளதொளப்பு. வயிற்றுக்கு வைக்க வேண்டியதைக் கடைக்காரர் தவறிப்போய்க் காலுக்கு வைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஜிப் முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு ஓடியது. கை எட்டவில்லை. மூளை எட்டியது. ஜிப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, பக்கவாட்டில் நடந்தேன். ஜிப் முழுக்க மூடிக்கொண்டது. கயிறு அறுந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். ஆஹா! அந்தப் பெருமிதம் முடிவதற்குள் இரண்டு டம்ளர் டீயும் வெளியே வழி கேட்டது.

ஒரு சொட்டு உள்ளே வராது என்று எத்தனை தடவை மார்தட்டினேன்! ஒரு சொட்டு வெளியேயும் போகாது என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவில் முதுகைத் தேய்த்தேன். தரையில் புரண்டேன். ஜிப் அசையவில்லை. கத்தரிக்கோல் கண்ணில் பட்டது. விலை ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. பாய்ந்து போய்த் திறந்தேன். மேல் வீட்டம்மா. அவர் காதில் விழுவது அரைமணியில் கட்டடம் முழுக்கப் பரவிவிடும்.

அந்தம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நல்லவேளை, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரவில்லை.

“பூச்சி மருந்து அடிக்க வந்தவராப்பா?”

ஒரு வார்த்தை சொன்னால் ஜிப் திறந்துவிடும். மானம் போய்விடும். மானமா, டீயா?

“ஆமாம்மா” என்றேன், குரலை மாற்றி.

“எங்க வீட்லயும் கரப்பான் தாங்கல. வந்து அடிச்சுட்டுப் போயேன்.”

“நாளைக்கு வர்றேம்மா!” கதவைச் சாத்திவிட்டு ஒற்றைக் காலில் குதித்தேன். பிறகு மறு காலில்.

ஒருவழியாக மனைவி வந்தாள். சிரிக்கவில்லை. நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள். நிதானமாகப் பையை மாட்டினாள்.

“ஜிப்பத் திற! சீக்கிரம்!”

“இருங்க, பொருத்தம் பாக்கறேன். கால் ரொம்ப நீளமா இருக்கே?”

“கடைக்காரர் தப்பு!”

“இல்லீங்க. அது என் அளவு.”

நான் குதிப்பதை நிறுத்தினேன். பிறகு அவசரமாக மறுபடி குதித்தேன்.

“அப்ப என்னை எதுக்கு அளந்தே?”

“கணக்குக்குத்தான். உங்க மூணு வெட்சூட்டும் இடுப்புலயே பிளந்துது. ரப்பர் மெலியறதுக்குள்ள நீங்க பெருத்துடறீங்க. டிரைசூட் இருபது வருஷம் உழைக்கும் சரி, உங்க இடுப்பு ரெண்டு வருஷம் ஒரே அளவுல நிக்குமா? கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின என் மழைக்கோட்டு இன்னும் எனக்குக் கச்சிதமா இருக்கு. இப்ப சொல்லுங்க, யார் போட்டா லாபம்?”

“அப்புறம் பேசலாம்! ஜிப்பு!”

“எனக்குக் குளிர் ஒத்துக்காதுன்னீங்க. இதுல குளிரவே குளிராதுன்னீங்க. ரெண்டும் நீங்க சொன்னதுதானே?”

“நான் சொன்னதுதான்!”

“அப்ப நானே போட்டுக்கட்டுமா?”

“போட்டுக்கோ! இருபது வருஷமும் நீயே போட்டுக்கோ!”

ஜிப் திறந்தது. நான் போன வேகத்தைப் பார்த்திருந்தால் எந்த மீனும் மரியாதை கொடுத்திருக்கும்.

அவள் பயிற்சியெல்லாம் முடித்துக் கடலில் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, நானும் போனேன், கையில் மெழுகுக்கட்டியோடு. எனக்குப் புது வெட்சூட் உண்டாம், இடுப்பு ஒரு வருஷம் ஒரே அளவில் நின்ற பிறகு. கரையில் அவள் திரும்பி நின்றாள். முதுகு ஜிப்பை இழுத்துக்கொண்டே மனத்தாங்கலோடு கேட்டேன்.

“முன்பக்கம் ஜிப் வெச்சதும் கடையில இருக்குமே. அதைக் காட்டலையா?”

“காட்டினாங்க. அது விலை ஜாஸ்தி. முதுகுல வெச்சது மலிவு, ஆனா ஒவ்வொரு தடவையும் மாட்டிவிட ஒரு ஆள் வேணும்னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“ஆள் ஏற்கெனவே வாங்கிட்டேன், நல்லா உழைக்குதுன்னு சொன்னேன்.”